ஐந்து யார்டு நடந்துபோன பையன்: ஒரு தந்திர ஆட்டத்தின் நிகழ்வு ஆய்வு

2010 நவம்பரில் ஒரு சின்ன வீடியோ இணையத்தில் எங்கே பார்த்தாலும் ஓடியது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், கார்பஸ் கிறிஸ்டி ஊர், டிரிஸ்கால் நடுநிலைப் பள்ளி. அங்கே ஏழாவது எட்டாவது படிக்கிற வயதுப் பையன்கள் ஆடிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தின் ஒரே ஒரு துண்டுதான் அது. நீங்களும் பார்த்திருப்பீர்கள், அநேகமாகச் சிரித்திருப்பீர்கள். நானும் முதல் தடவை சிரித்தேன். அப்புறம் பத்து இருபது தடவை பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் பந்து வைத்திருந்த பையனை விட்டுவிட்டு எதிரணிப் பையன்களையே பார்க்க ஆரம்பித்தேன். அப்படிப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டி நிற்கிறது. டிரிஸ்கால் அணியின் பயிற்சியாளர் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது: எதிரணிக்குத் தண்டனை கொடுத்திருக்க வேண்டும், பந்து ஐந்து யார்டு முன்னால் போக வேண்டும் என்கிற மாதிரி. குனிந்திருக்கிற சென்டர், பந்தைக் கால்களுக்கு நடுவே கொடுக்காமல், தோளுக்கு மேலாக அப்படியே குவாட்டர்பேக் (பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவன்) கையில் கொடுக்கிறான். குவாட்டர்பேக் அதை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து, அவசரமே இல்லாமல், ஐந்து யார்டு அளந்து வைக்கப் போகிறவன் மாதிரி முன்னால் நடக்கிறான். அவன் அணியில் வேறு யாரும் அசையவில்லை. எதிரணியின் முன்வரிசை லைன்மேன்களுக்கு நடுவே நடக்கிறான், அவர்கள் தலையைத் திருப்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான், யாரும் தொடவில்லை. கடைசி வரிசையையும் தாண்டியதும் ஓட ஆரம்பிக்கிறான். இவர்களுக்கு உறைக்கும்போது அவன் வெகுதூரம் போய்விட்டான், எதிரணியின் கடைசிக் கோட்டையும் தாண்டிவிட்டான். டச்டவுன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இது கால்பந்து மாதிரி தொடர்ந்து ஓடுகிற ஆட்டம் இல்லை. பந்தைத் தரையில் வைப்பார்கள், சென்டர் அதை எடுத்துப் பின்னால் கொடுப்பான். அதற்குப் பெயர் ஸ்னாப். ஸ்னாப்பிலிருந்து விசில் வரைக்கும் உள்ள சில நொடிகளில்தான் ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அந்த நொடிகளுக்குள் ஒருவன் மேல் இன்னொருவன் முழு வேகத்தில் மோதி அவனைத் தரையில் சாய்ப்பது ஆட்டம், அந்த நொடிகளுக்கு வெளியே அதே மோதல் குற்றம். உயிருள்ள நேரம் எது, செத்த நேரம் எது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான் ஒரு பிள்ளைக்கு எல்லாவற்றுக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்கள், எறிவதும் பிடிப்பதும் அதற்கப்புறம்தான், ஏனென்றால் இது தெரியாமல் இந்த ஆட்டத்தை ஆடவே முடியாது, ஆடினால் யாருக்காவது கை கால் உடையும்.

சரி, விதிப்படி இது செல்லுமா? இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். தோளுக்கு மேலாகக் கொடுத்தானே, அது தப்பு என்று நிறையப் பேர் சொன்னார்கள். அது தப்பில்லை. ஸ்னாப் கால்களுக்கு நடுவேதான் போக வேண்டும் என்று கல்லூரி விதியிலும் கிடையாது, பள்ளி விதியிலும் கிடையாது. தரையிலிருந்து ஒரே வேகமான, இடையில் நிற்காத அசைவில் பின்பக்கமாகப் போக வேண்டும், கையை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். பக்கவாட்டில் கொடுத்தால் செல்லும், தோளுக்கு மேல் கொடுத்தாலும் அசைவு சரியாக இருந்தால் செல்லும். குவாட்டர்பேக் ஓடாமல் நடந்தானே என்றால், நடக்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆகவே நடுவர் விசில் ஊதவில்லை என்பதற்காக அவரைத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் நடந்த உடல் அசைவுகள் எல்லாமே சட்டத்துக்குள் இருந்தன.

பிரச்சினை அந்தக் குரலில் இருக்கிறது.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளி ஆட்டங்களுக்கு என்.எஃப்.எச்.எஸ். என்கிற தேசியக் கூட்டமைப்பின் விதிகள்தான். விதிப்புத்தகத்தோடு ஒரு விளக்கப் புத்தகமும் வெளியிடுவார்கள், இப்படி நடந்தால் இப்படித் தீர்ப்பு என்று நூற்றுக்கணக்கான சூழல்கள் அதில் இருக்கும். அதில் ஒரு சூழல் இது. ஃபீல்டு கோல், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கிற மாதிரி ஒரு அணி நிற்கிறது. உதைக்க வேண்டியவன், பந்தை நிறுத்தும் டீ எங்கே என்று கத்துகிறான். இன்னொருவன் நான் போய் எடுத்து வருகிறேன் என்று தன் அணியின் ஓரக்கோட்டைப் பார்த்துப் போகிறான். அந்த நேரத்தில் ஸ்னாப், போனவனுக்கே பாஸ், டச்டவுன். தீர்ப்பு: விளையாட்டுப் பண்புக்கு எதிரான நடத்தை, பந்து டெட், அதாவது ஆட்டம் நின்றுவிட்டது, 15 யார்டு தண்டனை. அதற்கு அவர்கள் தரும் காரணம்தான் முக்கியம். ஏமாற்றும் தந்திரமும் இந்த ஆட்டத்தில் எப்போதும் உண்டு, விசித்திரமான வரிசைகளும் உண்டு, அதெல்லாம் இருக்கட்டும், ஆனால் ஏதோ கோளாறு, இப்போதைக்கு ஸ்னாப் வராது என்று எதிரணியை நம்ப வைக்கிற பேச்சும் செய்கையும் அந்த எல்லைக்கு வெளியே என்கிறார்கள். இதைவிடத் தெளிவாக அந்தக் கோட்டை யாரும் கிழித்து நான் பார்க்கவில்லை.

ஆனால் டெக்சாஸ் இதில் தனி. அங்கே பள்ளி ஆட்டங்களை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு என்.எஃப்.எச்.எஸ். விதிகளை எடுத்துக்கொள்ளவில்லை, கல்லூரி ஆட்டத்தின் என்.சி.ஏ.ஏ. விதிகளைத்தான் சில மாற்றங்களோடு பயன்படுத்துகிறது. அந்தப் புத்தகத்தில் உடைக்குள் பந்தை ஒளிக்கக் கூடாது, ஆள் மாற்றுகிற மாதிரி நடித்து ஏமாற்றக் கூடாது என்றெல்லாம் இருக்கிறது. அப்பட்டமாக நியாயமில்லாத செயல் நடந்தால் நடுவர் தனக்கு நியாயமாகப் பட்டதைச் செய்யலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. டீ எங்கே என்கிற சூழல் அளவுக்கு நேராகப் பொருந்துவது அதில் இல்லை. ஒரு மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளி ஆட்டத்தில், ஒரு நொடிக்குள், நடுவர் அந்தப் பொது விதியை எடுத்து வீச வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்தான். ஆகவே என் முடிவு: வேறு பெரும்பாலான மாநிலங்களில் இதே ஆட்டம் 15 யார்டு பின்னால் போயிருக்கும், டெக்சாஸில் அது டச்டவுனாக நின்றது. அந்த வித்தியாசத்தால் அது நல்ல காரியமாகிவிடாது.

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் உடனே சொல்வது, விசில் வரும்வரை ஆடு என்பதுதானே முதல் பாடம், அந்தப் பையன்கள் ஏன் நின்றார்கள் என்பது. இது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பையன்களின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ஸ்னாப் ஆகிவிட்டது என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை என்று நம்புகிற ஒருவன் பந்து வைத்திருப்பவன் மேல் பாய்ந்தால் அதுதான் குற்றம், அவன் அணிக்கு 15 யார்டு போகும், பயிற்சியாளரிடம் திட்டு வாங்குவான். கை வைக்காமல் நின்ற ஒவ்வொரு பையனும் தனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்து நின்றான். அவனுடைய கவனக்குறைவு அங்கே தோற்கவில்லை, விதியின் மேல் அவன் வைத்த மரியாதைதான் தோற்றது.

இன்னொன்றும் இருக்கிறது, வீடியோவை நிறையத் தடவை பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. தண்டனை யார்டுகளை ஆட்டக்காரன் ஒருநாளும் அளப்பதில்லை. நடுவர்தான் பந்தைக் கையில் எடுத்து எண்ணி நடந்து வைப்பார். தவிர, தண்டனை என்றால் முதலில் மைதானத்தில் மஞ்சள் கொடி விழும். பல வருடம் ஆடிய எவனும் கொடியும் இல்லாமல் நடுவரும் இல்லாமல் குவாட்டர்பேக் பந்தோடு நடந்து வருவதைப் பார்த்தால் அந்த நொடியே சாய்த்துவிடுவான். அதாவது இந்தத் தந்திரம் பெரியவர்களிடம் எடுபடாது, ஆட்டம் இன்னும் முழுசாகப் புரியாத பன்னிரண்டு பதிமூன்று வயதுப் பிள்ளைகளிடம் மட்டும்தான் எடுபடும். நல்ல தந்திரம் என்றால் ஆட்டம் நன்றாகத் தெரிந்தவனையும் ஏமாற்ற வேண்டும். இது தெரியாதவனை மட்டும் ஏமாற்றுகிறது, அதுவும் வளர்ந்த ஒரு ஆளின் குரலை வைத்து. பிள்ளைகள் மைதானத்தில் பெரியவர் குரலுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்றுதானே நாம் எல்லோரும் சொல்லி வளர்க்கிறோம்?

குவாட்டர்பேக் பையன் மேல் எனக்கு ஒரு துளி கோபமும் இல்லை. அந்த நடை என்ன நடை! முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் அத்தனை பேருக்கு நடுவே நடப்பதற்கு அந்த வயதில் எவ்வளவு துணிச்சல் வேண்டும். சொல்லிக்கொடுத்ததை அப்பழுக்கில்லாமல் செய்தான். என் கேள்வியெல்லாம் சொல்லிக்கொடுத்த பெரியவர்களிடம்தான்.

தந்திரமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007 ஜனவரி 1, ஃபியஸ்டா பவுல் என்கிற பெரிய கல்லூரி ஆட்டம். பாய்சி ஸ்டேட் என்கிற, அதிகம் பேர் மதிக்காத கல்லூரி அணி, ஓக்லஹோமா என்கிற ஜாம்பவானோடு ஆடி ஓவர்டைம் வரை வந்துவிட்டது. 42க்கு 41 என்று பின்னால் இருக்கிறார்கள், இரண்டு புள்ளி எடுத்தால் வெற்றி, இல்லாவிட்டால் தோல்வி. குவாட்டர்பேக் ஜாரட் சப்ரான்ஸ்கி வலது கையை உயர்த்தி வலப்பக்கம் நிற்கிற மூன்று பேரைப் பார்த்து எறிகிறார். அந்தக் கையில் பந்து இல்லை. பந்து அவர் முதுகுக்குப் பின்னால் இடது கையில் இருக்கிறது, இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு இடப்பக்கம் ஆளே இல்லாத இடத்தில் ஓடிப் போய்ச் சேர்கிறார். 43-42. சுதந்திர தேவி சிலை என்று அந்த ஆட்டத்துக்குப் பெயர், கை உயர்த்தி நிற்பதால். எதிரே இருந்த பதினொரு பேருக்கும் ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்று தெரியும், தடுக்க முழு உரிமை இருந்தது, தவறான கையைப் பார்த்தார்கள், தோற்றார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

இந்தக் கோடு எங்கே என்கிற சண்டை ஆட்டத்தின் வயதுக்குச் சமம். 1903 அக்டோபர் 31, கார்லைல் பள்ளி ஹார்வர்டோடு ஆடியது. கார்லைல் என்பது அமெரிக்கப் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து வைத்த அரசு விடுதிப் பள்ளி. பயிற்சியாளர் பாப் வார்னர். இரண்டாம் பாதி தொடங்கும் உதையைப் பிடித்ததும் எல்லோரும் கூடி மறைத்துக்கொண்டார்கள், சார்லஸ் டில்லன் என்கிற ஆட்டக்காரரின் சட்டைக்குள், முதுகுப் பக்கம், முன்கூட்டியே எலாஸ்டிக் வைத்துத் தைத்திருந்த இடத்தில் பந்து போய்விட்டது. ஹார்வர்டு ஆட்கள் பந்து யாரிடம் என்று தேடிக்கொண்டிருக்க, டில்லன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி எல்லையைத் தொட்டார். ஆட்டத்தில் கடைசியில் ஹார்வர்டுதான் 12-11 என்று ஜெயித்தது. அது முழுக்க நேர்மையான ஆட்டம் என்று தானோ தன் பையன்களோ நினைக்கவில்லை என்று வார்னரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இன்று உடைக்குள் பந்தை ஒளிப்பது தடை. அந்தத் தடை சரி என்றே நினைக்கிறேன், ஆனாலும் கார்லைல் பையன்கள் பக்கம்தான் என் மனசு போகிறது, அதை மறைக்க முடியவில்லை. நாட்டிலேயே செல்வாக்கான ஒரு பல்கலைக்கழகத்தின் வளர்ந்த ஆட்களை, எல்லாம் பறிக்கப்பட்ட பிள்ளைகள், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்கள் கண் முன்னால் ஏமாற்றினார்கள். ஆட்டம் நின்றுவிட்டது என்று யாரும் பொய் சொல்லவில்லை. அதே வார்னர் பெயரில்தான் இன்று அமெரிக்காவின் மிகப் பழைய சிறுவர் ஃபுட்பால் அமைப்பு நடக்கிறது.

ஆட்டம் நின்றதாக நடிப்பதன் விலை என்ன என்று கேட்டால் நான் 2021 டிசம்பர் 4ஐத்தான் காட்டுவேன். ஏ.சி.சி. என்கிற கல்லூரிக் குழுவின் இறுதி ஆட்டம், பிட்ஸ்பர்க் அணியும் வேக் ஃபாரஸ்ட் அணியும். பிட்ஸ்பர்க் குவாட்டர்பேக் கென்னி பிக்கெட் பந்தோடு ஓடிக்கொண்டே காலை முன்னால் நீட்டிச் சறுக்கப் போகிற மாதிரி உடம்பைத் தாழ்த்தினார். அப்படிச் சறுக்கினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, அதற்குமேல் அவரைத் தாக்கினால் தண்டனை. குவாட்டர்பேக்குகளின் தலையும் கழுத்தும் பிழைக்க வேண்டும் என்று வைத்த விதி அது. துரத்தியவர்கள் வேகத்தைக் குறைத்தார்கள். பிக்கெட் நிமிர்ந்து ஓடினார். 58 யார்டு, டச்டவுன், கடைசியில் பிட்ஸ்பர்க் 45-21 என்று ஜெயித்தது. அன்றைக்கு அது சட்டப்படி சரி. ஒரு வாரம் முடிவதற்குள் என்.சி.ஏ.ஏ. நடுவர்களுக்கு எழுதிவிட்டது: சறுக்குகிற மாதிரி பாவனை செய்தாலும் அந்த இடத்திலேயே பந்து டெட். ஏன் இவ்வளவு அவசரம்? அடுத்த வாரம் நிஜமாகவே சறுக்கப் போகிற ஏதோ ஒரு பையனை எதிரணிக்காரன் நம்பமாட்டான், வேகத்தைக் குறைக்கமாட்டான், மோதிவிடுவான். ஏமாற்றியவன் ஒருவன், அடிபடப் போகிறவன் இன்னொருவன்.

நம் ஊர்க்காரர்களிடம் இதைப் பேசினால் உடனே கிரிக்கெட்டுக்கு, இங்கிலாந்து பேட்ஸ்மேன் பேர்ஸ்டோ பக்கம் பேச்சு போகும். 2023 ஜூலையில் லார்ட்ஸ் டெஸ்ட், ஓவர் முடிந்தது என்று நினைத்துக் கிரீஸை விட்டு வெளியே நடந்தார், ஆஸ்திரேலிய விக்கெட் கீப்பர் கேரி ஸ்டம்பை அடித்தார். அதுவும் இதுவும் ஒன்றா? இல்லை என்பது என் கருத்து. கேரி பந்தைப் பிடித்த கையோடு எறிந்துவிட்டார், ஓவர் முடிந்தது என்று பேர்ஸ்டோவிடம் எந்த ஆஸ்திரேலியக்காரரும் சொல்லவில்லை. பேர்ஸ்டோ தானாக முடிவு செய்துகொண்டார். விக்கெட் கீப்பர் ஓவர் முடிந்துவிட்டது என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அவர் நடந்த பிறகு ஸ்டம்பை அடித்திருந்தால், அதுதான் கார்பஸ் கிறிஸ்டியில் நடந்ததற்குச் சமம்.

என் கண் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சில வருடங்களாகச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் லீக் ஆட்டங்களில் சங்கிலி பிடிக்கிறேன். பத்து யார்டு தூரத்தை அளக்கிற சங்கிலி, இரண்டு முனையிலும் கம்பு, பெற்றோர் யாராவது பிடித்துக்கொண்டு ஓரக்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு நாள் பத்து வயதுப் பிள்ளைகள் ஆட்டம். குவாட்டர்பேக் பையன் ஸ்னாப்பை வாங்கிக்கொண்டு திரும்பி, கோச், இது நம்ம பந்து இல்லை என்று கத்தினான். கோச்சும் கையில் இன்னொரு பந்தை ஆட்டிக்காட்டி இங்கே கொண்டு வா என்றார். இந்தப் பொய் ஏன் எடுபடும் என்றால், வயதுக்கு ஒரு அளவில் பந்து என்பதால் சிறுவர் ஆட்டங்களில் நிஜமாகவே பந்து மாறிப்போவது உண்டு, நிறுத்தி மாற்றுவதும் உண்டு. பையன் நான் நின்ற பக்கமாக நடந்து வந்தான். ஓரக்கோட்டுக்கு இரண்டு எட்டு இருக்கும்போது திரும்பி ஓடினான். எங்கள் மாநிலம் டெக்சாஸ் இல்லை, நடுவருக்கு விதி தெரியும், உடனே விசில் ஊதினார், 15 யார்டு. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அதே அணியில் ஒரு பையன் ஸ்னாப்புக்கு முன்னாலேயே அசைந்துவிட்டான். கொடி, விசில், எல்லோரும் நிமிர்ந்தார்கள். குவாட்டர்பேக் பந்தை நடுவரிடம் கொடுக்கக் கை நீட்டுகிறான், எதிரணியின் நடு லைன்மேன் நேராக வந்து அவன் மார்பில் மோதினான். மல்லாக்க விழுந்தவன் சில நொடி மூச்சு எடுக்கத் திணறினான், நல்லவேளை வேறொன்றும் ஆகவில்லை. நடுவர் மோதியவனைப் பிடித்து விசில் கேட்கவில்லையா என்று கேட்டார். கேட்டதாம். இந்தத் தடவை நிஜமாக நின்றதா என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அந்தப் பையன் அழ ஆரம்பித்துவிட்டான். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு ஐந்தடி தூரத்தில் நின்றேன். ஹெல்மெட்டுக்குள்ளேயே அழுதான், கம்பிகளுக்கு நடுவே விரலை விட்டுக் கண்ணைத் துடைக்கப் பார்த்தான், விரல் எட்டவில்லை.

அவனுக்கு 15 யார்டு தண்டனை. தந்திரம் சொல்லிக்கொடுத்த பெரியவருக்கு அதற்குமேல் எதுவும் இல்லை.

ஆட்டத்துக்கு முன்னால் நடுவர்கள் இரண்டு பயிற்சியாளர்களையும் தனித்தனியாகப் பார்த்து, இன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக ஏதாவது ஆடப் போகிறீர்களா என்று கேட்கிற பழக்கம் இருக்கிறது. தெரியாமல் விசில் ஊதி நல்ல தந்திரத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பிள்ளைகள் லீக்கில் இந்தக் கேள்வியை எந்த ஆட்டத்திலும் விடக் கூடாது, இன்னும் ஒன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை: அந்தத் தந்திரத்தில் யாராவது ஏதாவது பேச வேண்டியிருக்கிறதா? வழக்கமான எண்ணுக்கும் குறிச்சொல்லுக்கும் அப்பால் ஒரு வசனம் இருக்கிறது என்றால், வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

போன சீசனில் ஒரு கோச் அப்படி முன்கூட்டியே சொல்லிவிட்டு வந்தார். ஒருவன் பாஸைப் பிடித்ததும், துரத்துகிறவர்கள் அவன் மேல் விழும் நேரத்தில், பக்கத்தில் ஓடிவரும் இன்னொருவனுக்குப் பின்பக்கமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று வாரம் பழகினார்களாம். மூன்றாவது கால்பகுதியில் ஆடினார்கள். தட்டிவிட்டது சரியாகத்தான் வந்தது, வாங்க வேண்டியவன் ஒரு எட்டு பின்தங்கிவிட்டான், பந்து தரையில் உருண்டது, அவர்களே பாய்ந்து எடுத்துக்கொண்டாலும் நான்கு யார்டு நஷ்டம். நாங்கள் சங்கிலியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. எதிரணிப் பையன் ஒருவன் எழுந்து, விழுந்தவனுக்குக் கை கொடுத்தான், அது என்ன ஆட்டம், எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டுக்கொண்டே தன் வரிசைக்குத் திரும்பினான்.